மேத்யூ லயன்: துப்பியதைத் தவிர வேறென்ன?

ஒரு வாசகர் கேட்டது, 2 பிப்ரவரி 2024

"1798-ல் வெர்மான்ட் கிராமத்து ஆள் ஒருவர் அமெரிக்கக் காங்கிரஸுக்குள் இன்னொரு உறுப்பினர் முகத்தில் துப்பினாராம். பெயர் மேத்யூ லயன். எங்கே தேடினாலும் இந்த ஒரு செய்திதான் வருகிறது. துப்பியதைத் தவிர இந்த மனிதர் வேறென்ன கிழித்தார்?"

2 பிப்ரவரி, இரவு

துப்பினார். அதில் சந்தேகமே இல்லை. 1798 ஜனவரி 30. அப்போது தலைநகர் பிலடெல்பியா. டென்னசியின் முன்னாள் செனட்டர் வில்லியம் பிளவுன்ட் மேல் குற்ற விசாரணை நடத்துவோரைத் தேர்ந்தெடுக்க வாக்கு எண்ணிக்கொண்டிருந்த இடைவேளை. எழுந்து உலாவியபடி லயன் சபாநாயகரிடம் பேசிக்கொண்டிருந்தார், நாலு பேர் காதில் விழும்படி. கனெக்டிகட் உறுப்பினர்கள் தங்கள் மக்களில் பத்துக்கு ஒன்பது பேரின் எண்ணத்துக்கு எதிராக நடக்கிறார்கள் என்றார். ஒரு அச்சகத்தோடு ஆறு மாதம் கனெக்டிகட்டில் போய் உட்கார்ந்தால் அந்த ஊரையே மாற்றிக் காட்டுவேன் என்றார். கனெக்டிகட்காரரான ரோஜர் கிரிஸ்வோல்ட், "உங்கள் மரக்கத்தியோடுதானே வருவீர்கள்?" என்றார். அதற்கு விழுந்ததுதான் அந்த எச்சில்.

மரக்கத்தி என்றால் என்ன, ஏன் அது அவ்வளவு சுட்டது என்பதைப் பிறகு எழுதுகிறேன். துப்பலைப் பிடித்துக்கொண்டவர்கள் எல்லோரும் அதற்கு அரை நிமிடம் முந்திய வாக்கியத்தை விட்டுவிட்டார்கள். "அச்சகத்தோடு போனால்" என்றாரே, அதில்தான் லயன் முழுசாக இருக்கிறார் என்பது என் எண்ணம்.

3 பிப்ரவரி

மரக்கத்தி. 1776-ல் புரட்சிப் போரின்போது வெர்மான்ட்டின் வடக்கே ஜெரிகோ பக்கம் ஒரு காவல் நிலை. லயன் அங்கே இளம் அதிகாரி. படைவீரர்கள் நிலையை விட்டுப் போய்விட்டார்கள். தளபதி கேட்ஸ் அதிகாரிகளை ராணுவ விசாரணையில் நிறுத்தி, பதவியைப் பறித்து அனுப்பினார். அவமானச் சின்னமாக இடுப்பில் மரக்கத்தி கட்டிவிட்டார்கள் என்று ஒரு கதை பரவியது. வீரர்கள்தான் நிற்க மறுத்தார்கள், நான் தடுத்தேன் என்று லயன் கடைசி வரை சொன்னார். பிறகு அதே போரில் சம்பளப் பட்டுவாடா அதிகாரியாகத் திரும்ப வந்தார், மிலிஷியா என்கிற உள்ளூர்க் குடிமக்கள் படையில் கர்னல் வரை உயர்ந்தார். இருபத்திரண்டு வருடம் கழித்தும் ஒருவர் அந்தக் கத்தியை உருவினால் என்ன செய்வது? நானாக இருந்தால் வீட்டுக்கு வந்த பிறகு பதில் யோசித்து வைத்திருப்பேன்.

இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 15, லயன் தன் இருக்கையில் உட்கார்ந்திருந்தபோது கிரிஸ்வோல்ட் ஹிக்கரி மரத் தடியோடு வந்து தலையிலும் தோளிலும் மாறி மாறி அடித்தார். லயன் கணப்புக்கு ஓடி நெருப்புக் கிடுக்கியை எடுத்தார். இரண்டு பேரும் தரையில் உருண்டார்கள். காலைப் பிடித்து இழுத்துத்தான் பிரித்தார்களாம். இந்தக் காட்சியைக் கேலிச்சித்திரமாகப் போட்டு விற்றார்கள், இன்றைக்கும் இணையத்தில் கிடைக்கும். துப்பியதற்காக லயனை வெளியேற்றும் தீர்மானம் இந்த அடிதடிக்கு முன்பே வந்திருந்தது. ஆதரவு 52, எதிர்ப்பு 44. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பதால் தப்பினார்.

3 பிப்ரவரி, பின்னிரவு

"துப்பினவருக்கு எதற்கு 'அவர்' மரியாதை" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தடியால் அடித்தவருக்கும் 'அவர்'தானே போட்டேன். போகட்டும் விடுங்கள்.

5 பிப்ரவரி

நேற்று இன்னொரு இழையில் லயனைப் பற்றி "கொத்தடிமையாக வந்தவர்" என்று எழுதிவிட்டேன். சரியில்லை. திருத்திக்கொள்கிறேன்.

1749-ல் அயர்லாந்தின் விக்லோ பகுதியில் பிறந்தவர். பதினைந்து வயதில் கப்பலேறினார். கையில் காசில்லை. கப்பல் கூலிக்கு ஈடாக இத்தனை வருடம் உழைக்கிறேன் என்று எழுதிக் கொடுத்து வருகிற வழக்கம் அன்று உண்டு. இறங்கியதும் கப்பல்காரர் அந்த ஒப்பந்தத்தை விற்றுவிடுவார். வாங்கியவரிடம் கெடு முடியும் வரை வேலை செய்ய வேண்டும், அப்புறம் விடுதலை. அப்பன் கடன் பிள்ளை தலையில் என்று தலைமுறை தலைமுறையாகத் தொடருகிற கொத்தடிமை வேறு, இது வேறு. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் "கண்டிராக்ட்டுல போனவர்கள்" என்று மலேயா போனவர்களைச் சொல்வது இதற்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது.

லயனின் ஒப்பந்தம் கனெக்டிகட்டில் முதலில் ஜேபஸ் பேக்கன் என்ற வணிகர் கையில் இருந்தது. அவரிடமிருந்து இன்னொருவருக்குக் கை மாறியது. விலை, ஒரு ஜோடி காளை. இதை லயன் மறைத்ததே கிடையாது. "என்னை மீட்ட காளைகள் மேல் ஆணை" என்று சத்தியம் செய்வது அவர் பழக்கம். எதிர்க்கட்சிப் பத்திரிகைகளோ அவர் பெயரை வைத்துச் சிங்கம், சர்க்கஸ் என்று வாரக்கணக்கில் ஓட்டின. காளை கொடுத்து வாங்கிய சிங்கம். எனக்கே ஒரு வரி எழுதக் கை துறுதுறுக்கிறது.

இன்னொன்று. அவர் விற்கப்பட்டது கனெக்டிகட்டில். துப்பிய நாளில் "அச்சகத்தோடு போவேன்" என்று சொன்னதும் கனெக்டிகட். இதை முதல் குறிப்பிலேயே பார்க்கத் தவறிவிட்டேன்.

8 பிப்ரவரி

அச்சகம், அச்சகம் என்கிறாயே, கிராமத்து ஆளுக்கு ஏது அச்சகம் என்று கேள்வி. நியாயம்.

1783-ல் வெர்மான்ட்டின் மேற்கு ஓரத்தில் ஃபேர் ஹேவன் என்ற ஊரை உண்டாக்கியவர்களில் முதன்மையானவர் இவர். அருவி விழுகிற இடம். அந்தத் தண்ணீரை வைத்து மரம் அறுக்கும் ஆலை, மாவு ஆலை, இரும்பு உலை, காகித ஆலை என்று வரிசையாகக் கட்டினார். காகிதத்துக்குக் கந்தல் துணி கிடைக்காதபோது பாஸ்வுட் மரப் பட்டையை ஊறவைத்துக் காகிதம் செய்து பார்த்தார். காகிதம் சொந்தம், அப்புறம் அச்சு இயந்திரமும் சொந்தம். 1793-ல் 'ஃபார்மர்ஸ் லைப்ரரி' என்று பத்திரிகை. பெயரைப் பாருங்கள், உழவர் நூலகம்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான் வெர்மான்ட் ஒன்றியத்தில் சேர்ந்தது. அதுவரை பதினான்கு வருடம் அது தனிக் குடியரசு. சேர்ந்ததும் நடந்த காங்கிரஸ் தேர்தலில் லயன் நின்று தோற்றார். அடுத்ததிலும் தோற்றார். அதற்கடுத்ததிலும். நான்காம் தடவை ஜெயித்து 1797-ல் பிலடெல்பியா போனார். போனவுடன் செய்த முதல் காரியங்களில் ஒன்று, ஜனாதிபதியின் உரைக்கு மறுமொழி வாசிக்க உறுப்பினர்கள் எல்லோரும் ஊர்வலமாகப் போவார்களே, அதற்கு என்னை இழுக்காதீர்கள் என்று விலக்குக் கேட்டது. ராஜசபை நாற்றம் அடிக்கிறது என்பது அவர் கட்சி.

அன்று உறுப்பினர் படி நாளுக்கு 6 டாலர். பயணத்துக்கு இருபது மைலுக்கு 6 டாலர். தூரத்துக் கிராமத்தான் வந்து போக முடிந்தது இதனால்தான். ஆலை முதலாளிக்குப் படி எதற்கு என்று கேட்பீர்கள். அதையும் எழுதத்தான் போகிறேன், பொறுங்கள்.

11 பிப்ரவரி, ஞாயிறு

விஷயத்தை விட்டு வெளியே போகிறேன், வேண்டாதவர்கள் தாண்டிவிடலாம்.

என் அப்பா திண்டுக்கல்லில் கம்பாசிடர், அதாவது அச்சுக் கோப்பவர். காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் மிஷின், ஈய எழுத்து, அந்த எழுத்துகளைப் பிரித்து வைக்கும் மரக் கேஸ். நான் ஆறாவது படிக்கையில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. யாரோ ஒரு வேட்பாளர் இன்னொருவரைப் பற்றி பிட் நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தார். தேர்தல் நோட்டீஸ் என்றால் கீழே அச்சகத்தின் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும், அது சட்டம். "அதைப் போட வேண்டாம், இரண்டு மடங்கு தருகிறேன்" என்றார். முதலாளி சரி என்றுவிட்டார். அப்பா கோத்தார். ஊருக்குள் இருந்தது மொத்தம் மூன்று ட்ரெடில். எழுத்தின் முகத்தைப் பார்த்தே எந்தக் கேஸ் என்று சொல்லிவிடுவார்கள். மறுநாள் சாயங்காலம் எட்டு பேர் வந்தார்கள். யாரையும் அடிக்கவில்லை. கேஸை எல்லாம் தரையில் கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்று ராத்திரி நானும் அப்பாவும் உட்கார்ந்து பொறுக்கினோம். ன, ண, ன. ர ஒரு பக்கம், கால் வாங்கும் ா ஒரு பக்கம். இரண்டாம் ராத்திரி எனக்கு ஈயம் பட்டு விரல் நுனியெல்லாம் கருத்துப் போயிற்று. முதலாளி அந்த மூன்று நாளும் கடைப்பக்கம் வரவில்லை.

அச்சகத்தோடு போவேன் என்ற வாக்கியம் எனக்கு வெறும் வாய்ச்சவடாலாகத் தெரியாததற்குக் காரணம் இதுதான். அது ஒரு மிரட்டல். அதைக் கேட்டவர்களுக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும்.

14 பிப்ரவரி

இழைக்குத் திரும்புகிறேன். 1798 ஜூலை 14-ல் செடிஷன் சட்டம், அதாவது அரச நிந்தனைச் சட்டம் வந்தது. அரசையோ காங்கிரஸையோ ஜனாதிபதியையோ இழிவுபடுத்திப் பொய்யாக எழுதினால் இரண்டு வருடம் வரை சிறை, 2000 டாலர் வரை அபராதம். துணை ஜனாதிபதியை மட்டும் பட்டியலில் சேர்க்கவில்லை. அந்தப் பதவியில் இருந்தவர் எதிர்க்கட்சி ஜெபர்சன். அவரை யாரும் எப்படியும் திட்டிக்கொள்ளலாம். சட்டம் எழுதியவர்களின் கூச்சமின்மையை மெச்சத்தான் வேண்டும்.

முதலில் அகப்பட்டவர் லயன். ஜூன் 20 தேதியிட்டு ஒரு வெர்மான்ட் பத்திரிகைக்கு அவர் எழுதிய கடிதம், சட்டம் வந்த பிறகு அச்சானது. ஜனாதிபதி ஜான் ஆடம்ஸுக்கு ஓயாத அதிகார ஆசை, கேலிக்கூத்தான ஆடம்பரத்தில் அடங்காத தாகம், முகஸ்துதியில் மயக்கம், பேராசை என்று எழுதியிருந்தார். கூடவே ஜோயல் பார்லோ என்ற கவிஞர் எழுதிய கடிதம் ஒன்றை வெளியிட்டதும் குற்றம். ஜனாதிபதியைப் பைத்தியக்கார விடுதிக்கு அனுப்ப வேண்டாமா என்கிற தொனியில் ஒரு வரி அதில் இருந்தது.

அக்டோபரில் ரட்லண்டில் விசாரணை. நீதிபதி வில்லியம் பேட்டர்சன். லயன் தனக்குத்தானே வாதாடினார், வாதாடத் தெரியாமல். சட்டமே அரசமைப்புக்கு விரோதம் என்றார். பிறகு நீதிபதியையே குறுக்கு விசாரணை செய்ய ஆரம்பித்தார். "நீங்கள் ஜனாதிபதியோடு விருந்து சாப்பிட்டிருக்கிறீர்கள் அல்லவா, அங்கே ஆடம்பரம் பார்த்தீர்களா இல்லையா?" எளிமையைத்தான் பார்த்தேன் என்றார் பேட்டர்சன். "ரட்லண்டில் நாம் தங்கியிருக்கும் விடுதியைவிட அங்கே வேலைக்காரர்களும் படாடோபமும் அதிகமில்லையா?" அதற்குப் பதில் வரவில்லை.

நான்கு மாதம் சிறை, 1000 டாலர் அபராதம்.

14 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

விட்டுப்போனது. ரட்லண்ட் பத்திரிகை அவர் கட்டுரையைப் போட மறுத்ததால், விசாரணைக்குச் சில நாள் முன்னால் லயன் சொந்தமாக இன்னொரு சிற்றிதழ் ஆரம்பித்தார். பெயர் 'பிரபுத்துவத்துக்குச் சாட்டை' என்ற பொருளில். நடத்தியது மகன் ஜேம்ஸ். ஒருவர் நம் பக்கத்துச் சிற்றிதழ்களை நினைத்துச் சிரித்திருக்கிறார். நானும்தான்.

18 பிப்ரவரி

நேற்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி பக்கம் பதினோரு வருடமாக இருக்கிறேன், எல்லையைத் தாண்டினால் ஃபேர் ஹேவன். நடுவே பெரிய புல்வெளி, இப்போது பனி. அங்கிருந்து வடக்கே 22ஏ சாலை. கிட்டத்தட்ட எழுபது கிலோமீட்டர், நேரே வெர்ஜென்ஸ் என்ற சிற்றூரில் கொண்டுபோய் விடும். லயனை வைத்திருந்தது அங்கே. ரட்லண்டிலேயே சிறை இருந்தது. ஆனால் மார்ஷல், அதாவது நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றும் அதிகாரி, ஜேபஸ் ஃபிட்ச் அவரை வேண்டுமென்றே வெர்ஜென்ஸுக்குக் கொண்டுபோனார்.

வழியெல்லாம் மாட்டுப் பண்ணை. காருக்கு வெளியே மைனஸ் எட்டு டிகிரி. வெர்ஜென்ஸில் காபி குடிக்க இறங்கிய நாலு நிமிடத்தில் காது மரத்துவிட்டது. லயனின் அறை பதினாறடிக்குப் பன்னிரண்டடி. ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, கணப்பு கிடையாது, மூலையில் கழிப்பிட நாற்றம். குதிரைத் திருடர்களும் ஓடிப்போன அடிமைகளும் அடைபடுகிற இடம் என்று அவரே எழுதியிருக்கிறார். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை. கோடையில் நாலு மாதம் என்றால் கணக்கு வேறு.

ஊர் ஆட்கள் சிறையை உடைக்கக் கிளம்பினார்கள். வேண்டாம், வாக்குச்சீட்டில் காட்டுங்கள் என்று சொல்லித் தடுத்தார். உள்ளே இருந்தபடியே மறுபடி ஜெயித்தார்.

19 பிப்ரவரி

அவசரப்பட்டு எழுதிவிட்டேன். செப்டம்பர் தேர்தலில், அதாவது சிறைக்குப் போகும் முன், லயன்தான் முன்னணி. ஆனால் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்கவில்லை. வெர்மான்ட் சட்டப்படி பாதியைத் தாண்ட வேண்டும். அதனால் டிசம்பரில் மறு தேர்தல். சிறையிலிருந்து ஜெயித்தது அந்த மறு தேர்தலில். எதிராளியைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வாக்கு. துப்பல் அல்ல, சிறைதான் அவருக்கு வாக்கு சேர்த்தது என்று எனக்குப் படுகிறது. ஆடம்ஸின் கட்சிக்காரர்களான ஃபெடரலிஸ்டுகள் அவரைக் குளிரில் போட்டு ஜெயிக்க வைத்தார்கள்.

1799 பிப்ரவரி 9-ல் வெளியே வந்தார். வர்ஜீனியா செனட்டர் ஸ்டீவன்ஸ் தாம்சன் மேசன் உள்ளிட்டோர் திரட்டிய பணத்தில் அபராதம் கட்டியாயிற்று. வாசலைத் தாண்டியதும், "நான் பிலடெல்பியாவுக்குப் புறப்பட்டுவிட்டேன்" என்று உரக்க அறிவித்தார். காங்கிரஸுக்குப் போகிற வழியில் உறுப்பினரைக் கைது செய்யக் கூடாது என்பது விதி. வேறு வழக்குப் போட்டுத் திரும்பப் பிடித்துவிடாமலிருக்க அந்த ஏற்பாடு. பிலடெல்பியாவில் மறுபடி வெளியேற்றத் தீர்மானம். 49 ஆதரவு, 45 எதிர்ப்பு. மறுபடி மூன்றில் இரண்டு வரவில்லை.

24 பிப்ரவரி

"உங்கள் கதாநாயகனுக்குக் குறையே கிடையாதா?" ஏன் இல்லை, தாராளமாக இருக்கிறது.

போரின்போது பிரிட்டன் பக்கம் நின்றவர்களின் சொத்தைப் பறிமுதல் செய்ய வெர்மான்ட்டில் ஒரு நீதிமன்றம் இருந்தது. லயன் அதில் எழுத்தர். பின்னாளில் அதன் ஆவணங்களைத் தணிக்கைக் குழு கேட்டபோது கொடுக்க மறுத்தார். அதற்காக 1785-ல் குற்றம் சாட்டப்பட்டார். மக்களுக்கு எல்லாவற்றையும் அச்சடித்துக் காட்டுவேன் என்றவர் அந்தக் கணக்குப் புத்தகத்தை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

முதல் மனைவி, புரட்சிப் போரின் வெர்மான்ட் படைத் தலைவர் ஈதன் ஆலனின் சொந்தக்காரர். இரண்டாவது மனைவி பியூலா, கவர்னர் தாமஸ் சிட்டென்டனின் மகள். கவர்னர் வீட்டு மருமகன் பிரபுக்களைச் சாட்டையால் அடிக்கிறார்.

பிற்பாடு கென்டக்கியிலிருந்து காங்கிரஸில் இருந்தபோது தபால் எடுத்துச் செல்லும் ஒப்பந்தங்களும் வைத்திருந்தார். 1805-ல் வர்ஜீனியா உறுப்பினர் ஜான் ராண்டால்ஃப் சபையிலேயே அதைச் சொல்லிக் குதறினார். சட்டமியற்றுகிறவர் அரசு ஒப்பந்தம் எடுக்கலாமா? இன்றைய கேள்விதான். ஆனால் ஒரு எல்லைக் கிராமத்தில் வண்டியும் குதிரையும் எழுதப் படிக்கத் தெரிந்த ஆளும் வைத்திருந்தவர் எத்தனை பேர்? ஆலைக்காரரே பத்திரிகைக்காரர், அவரே கர்னல், அவரே உறுப்பினர். படி வாங்குகிற ஏழை விவசாயி என்று நான் மனதில் வைத்திருந்த படத்தை இந்த மூன்று வாரத்தில் கழற்றி வைத்துவிட்டேன். மனிதர் மேல் உள்ள பிரியம் மட்டும் குறையவில்லை, அது ஏனென்று கேட்காதீர்கள்.

27 பிப்ரவரி

"ஜெபர்சனை ஜனாதிபதி ஆக்கியதே லயன்தான்" என்று கீழே ஒருவர் ஒட்டியிருக்கிறார். லயனும் அப்படித்தான் பேசித் திரிந்தார். பாதி உண்மை. ஜனாதிபதித் தேர்தலில் ஜெபர்சனும் ஆரன் பர்ரும் சமமாக நின்றதால் 1801-ல் கீழவை முடிவு செய்ய வேண்டியிருந்தது. மாநிலத்துக்கு ஒரு வாக்கு. வெர்மான்ட்டுக்கு இரண்டே உறுப்பினர்கள், லயனும் லூயிஸ் மோரிஸும், ஆளுக்கொரு பக்கம். அதனால் முப்பத்தைந்து சுற்றும் வெர்மான்ட் வாக்கு யாருக்கும் இல்லை. பிப்ரவரி 17, முப்பத்தாறாவது சுற்றில் மோரிஸ் ஒதுங்கிக்கொண்டார். வெர்மான்ட் வாக்கு லயன் கையில் தனியாக விழுந்தது. மேரிலாண்டிலும் எதிர்ப்பக்கத்தார் ஒதுங்க, ஜெபர்சனுக்குப் பத்து மாநிலம். லயன் செய்தது அங்கேயே உட்கார்ந்திருந்தது. முப்பத்தைந்து சுற்று உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலைதான்.

2 மார்ச்

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1801-ல் கென்டக்கிக்குக் குடிபெயர்ந்து எடிவில் என்ற இடத்தில் குடியேறினார். அங்கே மாநில அவை, பிறகு 1803 முதல் 1811 வரை மறுபடி காங்கிரஸ். 1812 போருக்குப் படகு கட்டித் தருகிற ஒப்பந்தத்தில் நொடித்துப் போனார். 1820-ல், எழுபது தாண்டிய பிறகு, ஆர்கன்சா பகுதியில் செரோக்கி மக்களோடு நடந்த அரசு வியாபார நிலையத்தில் ஒரு வேலை கிடைத்தது. அங்கேயும் தேர்தலில் நின்றார்! கொஞ்ச வாக்கில் தோற்றார். 1822 ஆகஸ்ட் 1, ஸ்பாட்ரா பிளஃப் என்ற அந்த இடத்திலேயே இறந்தார். பதினொரு வருடம் கழித்து எலும்புகளை எடிவிலுக்கு எடுத்துப் போனார்கள். அப்போது மகன் சிட்டென்டன் லயன் கென்டக்கி சார்பில் காங்கிரஸில் இருந்தார்.

கென்டக்கியின் முதல் அச்சகம் லயனுடையது என்று சில இடங்களில் பார்த்தேன். தவறு. லெக்சிங்டனில் ஜான் பிராட்ஃபோர்ட் 1787-லேயே பத்திரிகை தொடங்கிவிட்டார்.

3 மார்ச்

அபராதம் 1000 என்று எழுதியதைத் திருத்துகிறேன். வழக்குச் செலவுத் தொகை தனி. மொத்தம் 1060 டாலர் 96 சென்ட். 1840 ஜூலை 4-ல் காங்கிரஸ் அந்தத் தொகையை வட்டியோடு வாரிசுகளுக்குத் திருப்பித் தரச் சட்டம் போட்டது. ஆள் போய்ப் பதினெட்டு வருடம். அந்த 96 சென்ட் யார் எதற்குப் போட்ட கணக்கோ.

10 மார்ச்

போனில் அப்பாவிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். எண்பத்தொன்று வயது, காது மந்தம், இரண்டு தடவை சொல்ல வேண்டும். துப்பலுக்குச் சிரித்தார். சிறைக்கு உச்சுக்கொட்டினார். பிறகு, "அச்சடிச்சவன் என்ன ஆனான்?" என்றார்.

நான் எழுதாமல் விட்டது அதுதான். பென்னிங்டனில் ஆன்டனி ஹாஸ்வெல் என்று ஒரு அச்சகக்காரர். லயனின் அபராதத்துக்குப் பணம் திரட்டக் குலுக்கல் சீட்டு ஒன்று போட்டார்கள், அதன் விளம்பரத்தைத் தன் பத்திரிகையில் வெளியிட்டார். அதில் மார்ஷலைத் தாக்கி இருந்த வரிகளுக்காக அவர் மேலும் செடிஷன் வழக்கு. 1800-ல் இரண்டு மாதம் சிறை, 200 டாலர் அபராதம். விடுதலை நாள் ஜூலை 9. பென்னிங்டன்காரர்கள் அந்த வருடம் ஜூலை 4 சுதந்திர தினத்தைக் கொண்டாடாமல் நிறுத்தி வைத்து, ஐந்து நாள் கழித்து ஹாஸ்வெல் வெளியே வந்த பிறகு கொண்டாடினார்கள்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

"நம்ம ஆளு அந்த மூணு நாளும் ஒரு டீகூட வாங்கித் தரலைடா" என்றார்.